எல்லை காட்டிய இராசாத்தி

கண்டலடி இராசாத்திக்கு வலது காலில் நான்கு விரல்கள்தான். ஐந்தாவதைச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு கொண்டுபோனது. அதை வெட்டி எடுத்த டொக்டர், "இனி ஒவ்வொரு நாளும் முக்கால் மணித்தியாலம் நடக்கோணும் அம்மா, இல்லாட்டி அடுத்த முறை முழங்காலடியிலதான் கை வைக்கோணும்" என்று சிரித்த முகத்தோடு சொல்லி அனுப்பினார். நல்ல மனிதர். பயமுறுத்துவதையும் மரியாதையாகச் செய்தார்.

இராசாத்தி கண்ணம்மையின் மூத்த மகள். கண்ணம்மை, பின்னேர வெயிலிலும் குடை பிடிக்காத பொன்னம்மையின் கடைசி மகள். அந்தப் பக்கத்தில் நிலமும் வளவும் தாயிடமிருந்து மகளுக்குத்தான் போகும். ஆம்பிளைகள் கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்கு வந்து சேருவார்கள். அப்படித்தான் வல்லிபுரம் பெரியகல்லாற்றிலிருந்து ஒரு தகரப்பெட்டியோடும் இரண்டு வலைகளோடும் இராசாத்தி வீட்டுக்கு வந்தார். வந்து நாற்பது வருசம். இராசாத்தி மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பிட்டு அவித்துச் சந்திக் கடைக்குக் கொடுத்து இரண்டு பெண்பிள்ளைகளைக் கரை சேர்த்தாள். வீட்டை மூத்தவளுக்குக் கொடுத்தாள். வளவில் பாதியை இளையவளுக்குக் கொடுத்தாள். தனக்கென்று வைத்துக்கொண்டது பின்பக்கத்துக் குசினியையும் வல்லிபுரத்தையும்.

நடக்கச் சொல்வது டொக்டருக்குச் சுகம். கண்டலடியில் ஒரு பெண் சும்மா நடக்க ஏலாது. படலையைத் திறந்தால் முதல் வீட்டுக்காரி கேட்பாள், "எங்க போறாய்கா?" நடக்கப் போகிறேன் என்றால், "அதான், நடந்து எங்க போறாய்?" என்பாள். முதல் கிழமை இராசாத்தி பதில் சொல்லிச் சொல்லிக் களைத்தாள்; நடந்ததைவிட நின்றதுதான் கூட. இரண்டாம் கிழமை ஒரு வெறும் பையைக் கையில் எடுத்துக்கொண்டாள். பை இருந்தால் கடைக்குப் போகிறாள் என்று அர்த்தம். அதற்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை.

நடப்பதற்குத் துணை இரண்டு பேர். ஒருத்தி அஸீமா. பக்கத்து ஊரான லெவ்வைத்துறையில் ஆசியா உம்மாவின் மகள். கண்ணம்மையின் வயலும் ஆசியா உம்மாவின் தென்னந்தோட்டமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அதனால் இராசாத்தியும் அஸீமாவும் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளி, ஒரே மரத்திலிருந்து விழுந்து, ஒரே வைத்தியரிடம் கைக்குக் கட்டுப் போட்டவர்கள். இப்போது சீனி வருத்தமும் ஒன்றாகவே வந்தது. மற்றவள் ஹேசல். டவுனில் பறங்கிக் குடும்பம், நேர்ஸாக இருந்து பென்சன் எடுத்தவள். காற்று நல்லதென்று லெவ்வைத்துறை ஓரத்தில் வாடகைக்கு வந்திருந்தாள். அவளுக்கு வருத்தம் ஒன்றுமில்லை. மற்றவர்களுடைய வருத்தத்தைக் கண்காணிக்காவிட்டால் அவளுக்குக் கை நமைக்கும்.

விடிந்து ஆறரைக்குச் சந்தியில் கூடுவார்கள். அங்கிருந்து வாவி ஓரமாக ஒரு மைல். இடது பக்கம் தண்ணீர். கண்டல் மரங்களின் வேர்கள் விரல்களைப் போலச் சேற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஆற்றுவாழை பூத்திருக்கும் காலத்தில் வாவியின் ஓரம் முழுக்க ஊதாவாக இருக்கும். தோணிக்காரர்கள் அதைப் பார்த்துத் திட்டுவார்கள், நடக்கிறவர்கள் அழகென்பார்கள். நீர்க்காகங்கள் கம்புகளில் இருந்து செட்டையை விரித்துக் காயவைக்கும். வலது பக்கம் வட்டை, ஒரே வெளியாக நெல். மழை விட்ட நாட்களில் வட்டையின் பச்சைக்கும் வாவியின் வெள்ளைக்கும் நடுவில் அந்த ஒற்றைத் தார் றோட்டு கறுப்பு நாடா போலப் போகும். அதன் முடிவில் பூங்கா.

பூங்கா இரண்டு ஊர்களின் எல்லையில் இருந்தது. எழுபத்தெட்டுச் சூறாவளி தென்னைகளை முறித்துப் போட்ட பிறகு, கண்ணம்மையும் ஆசியா உம்மாவும் வாவிக்கரைத் துண்டை ஆளுக்குப் பாதியாகத் தோணித்துறைக்கென்று ஊருக்கு எழுதிக் கொடுத்தார்கள். தோணித்துறை வரவில்லை. நாற்பது வருசத்துக்குப் பிறகு எங்கிருந்தோ ஒரு திட்டம் வந்து அதைப் பூங்காவாக்கியது. வட்டமாக ஒரு நடைபாதை, உட்கார நான்கு வாங்குகள், பிள்ளைகளுக்கு ஒரு சறுக்கல் பலகை, ஊருக்கொன்றாக இரண்டு வாசல். திறப்பு விழாவில் இரண்டு ஊர்ச் சபைத் தலைவர்களும் இரண்டு வாசலிலும் ஒரே நேரத்தில் இரண்டு நாடாக்களை வெட்டினார்கள். மாலை மூன்று மணிக்குப் பூங்கா இரண்டு சபைக்கும் சொந்தமாக இருந்தது. புல் வளர்ந்தபோது ஒரு சபைக்கும் சொந்தமில்லை. கண்டலடியில் கேட்டால், "அது லெவ்வைத்துறைப் பக்கம்" என்றார்கள். லெவ்வைத்துறையில் கேட்டால், "எல்லைக்கு அங்கால" என்றார்கள். லைட்டு எரியவில்லை. குப்பைத் தொட்டிக்குள் ஒரு பூனை மூன்று முறை குட்டி போட்டது.

அந்தப் புல்லுக்குள்தான் மூன்று பெண்களும் நாளுக்கு ஆறு சுற்று நடந்தார்கள். இராசாத்தியின் காலில் இருந்த கறுப்பு மங்கிக்கொண்டு வந்தது. ஹேசல் கைபேசியில் அடி எண்ணுவாள். பெண்களையும் 'மென்' என்று கூப்பிடுவது அவளுடைய பறங்கிப் பழக்கம்.

"நேத்து மூவாயிரத்து எண்ணூறு. இண்டைக்கு ஏன் மென் குறையுது?"

"நேத்து நாய் கலைச்சது, ஓடினன்," என்றாள் இராசாத்தி. "அதையும் சேத்து எண்ணிப்போட்டாய்."

இப்படிப் போய்க்கொண்டிருந்த இடத்தில், பூங்காவைப் பெருப்பிக்க உதவிப் பணம் வருகிறது, பூங்கா எந்தச் சபையுடையதோ அந்தச் சபைக்குத்தான் என்று ஒரு கடிதம் வந்தது. அடுத்த நாளே பூங்கா இரண்டு சபைக்கும் மறுபடி சொந்தமாகிவிட்டது. ஒரு மாதம் சத்தம். பிறகு இரண்டு சபைகளும் சரித்திரத்திலேயே முதல் முறையாக ஒரு விசயத்தில் ஒத்துக்கொண்டன: நிலஅளவையாளரைக் கூப்பிட்டு எல்லையைக் கண்டுபிடிப்பது, எல்லை நெடுகிலும் ஆளுயரத்துக்குக் கம்பிவேலி போடுவது, அவரவர் பாதியை அவரவர் பார்த்துக்கொள்வது. எல்லை எங்கே என்று தெரிவதற்கு முதலே வேலிக்கட்டைகள் இரண்டு வாசலிலும் வந்து குவிந்தன.

இராசாத்தி அந்தக் கட்டைகளைப் பார்த்தாள். வேலி வந்தால் அவளுக்குக் கிடைப்பது அரைப் பூங்கா. அதில் பாதை பாதி வட்டத்தில் வேலியில் முட்டி நிற்கும். அதைவிட, அவரவர் பாதியில் அவரவர் ஊரார்தான் என்று பேச்சு: அஸீமா அந்தப் பக்கம், அவள் இந்தப் பக்கம். தனியாக நடக்கிற ஆள் இல்லை இராசாத்தி. அது அவளுக்கே தெரியும். துணையில்லாவிட்டால் மூன்றாம் நாளே பிட்டுப் பானையைச் சாட்டி வீட்டில் இருந்துவிடுவாள். இருந்தால் கால் போய்விடும்.

"கம்பிக்கு இங்காலயும் அங்காலயும் நிண்டு கதைச்சுக்கிட்டு நடப்பம்," என்றாள் அஸீமா.

"நீ நடப்பாய். நான் கம்பியில சாஞ்சு நிண்டு கதைப்பன்."

ஒரு சனிக்கிழமை காலையில் நிலஅளவையாளர் வந்தார். மெலிந்த மனிதர், ஊர் காலிப் பக்கமாம், தமிழைக் கவனமாகப் பேசினார். முக்காலிக் கருவி, நூல், சிவப்பு நாடா கட்டிய ஆப்புகள். கண்டலடிச் சார்பில் வல்லிபுரம் சேட்டுப் போட்டு வந்திருந்தார். லெவ்வைத்துறைச் சார்பில் அஸீமாவின் புருசன் உசனார், புதுச் சாரனோடு. இரண்டு பேருக்கும் நடுவில், முந்தி சபையில் உறுப்பினராக இருந்த வினாயகமூர்த்தி. அவர் எங்கே கூட்டம் கூடினாலும் நடுவில் நிற்கிறவர்.

பெண்கள் மூவரும் பைகளோடு வாசலுக்குள் வந்ததும் வல்லிபுரம் கையை வீசினார்.

"பொம்புளையள் கொஞ்சம் அங்கால போங்க. எல்லை பாக்கிற இடம்."

"நாங்க பாக்க வரல்ல. நடக்க வந்த," என்று சொல்லி இராசாத்தி முதல் சுற்றைத் தொடங்கினாள்.

பாதை வட்டமாக இருந்ததால் சுற்றுக்கு ஒரு முறை அவர்கள் ஆம்பிளைகளைக் கடந்து போக வேண்டியிருந்தது. எல்லைக் கதையை அவர்கள் அப்படித் துண்டு துண்டாகக் கேட்டார்கள்.

முதல் சுற்றில் வல்லிபுரம் லெவ்வைத்துறை வாசலடியில் நின்ற நாவல் மரத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். "அந்த நாவலோடதான் எங்கட எல்லை முடியுது, சேர். எங்கட மாமா சொன்னவர். அந்தாள் பொய் சொல்லாத மனுசன்."

இரண்டாம் சுற்றில் உசனார் மற்றப் பக்கம் திரும்பி, கண்டலடி வாசலடியில் இருந்த மதகைக் காட்டினார். "எங்கட எல்லை அந்த மதகு மட்டும் போகுது. எங்கட மாமா மௌத்தாகக்குள்ள கடைசி மூச்சில என்ட கையப் புடிச்சுச் சொன்ன."

"மௌத்தாகக்குள்ள வாப்பாக்குப் பேச்சே வரல்ல," என்றாள் அஸீமா, கடந்து போனபிறகு. "மூணு நாளா விக்கல் மட்டும்தான்."

மூன்றாம் சுற்றில் நிலஅளவையாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, இருவரும் முழுதையும் கேட்டால் நடுவால் கீறுவதுதான் தன் வழக்கம் என்றார். வினாயகமூர்த்தி, "அதுதான் நானும் சொல்ல நினைச்சனான்" என்றார். வல்லிபுரமும் உசனாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மற்றவனுக்கும் முழுதாகக் கிடைக்கவில்லை என்பதில் இரண்டு பேருக்கும் ஒரு திருப்தி.

நான்காம் சுற்று வரும்போது நூல் கட்டியாகிவிட்டது. சறுக்கல் பலகைக்குப் பக்கத்தால், நடைபாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, கரண்டைக் கால் உயரத்தில். இராசாத்தியின் வலது காலில் உணர்வு குறைவு. நூல் பட்டது அவளுக்குத் தெரியவில்லை. முழங்கால் மடிந்து பொத்தென்று விழுந்தாள். பை ஒரு பக்கம் போனது.

"ஐயோ, பாத்து அம்மா!" நிலஅளவையாளர் ஓடிவந்து தூக்கினார்.

ஹேசல் அந்த இடத்திலேயே குந்தி, காலைப் பிரட்டிப் பிரட்டிப் பார்த்தாள். கீறல் இல்லை. இராசாத்தி எழும்பவில்லை. நிலத்தில் இருந்தபடியே நூலைத் தட்டினாள்.

"இதென்ன மனே?" என்று ஒரு மகனிடம் கேட்பதுபோலக் கேட்டாள்.

"எல்லை அம்மா. சாட்சிக்காரர் சொன்னதை வைத்துக் கீறினது."

"சாட்சியெண்டா ஆர் வேணும்?"

நிலஅளவையாளர் நேர்மையான மனிதர். கையிலிருந்த படிவத்தைப் பார்த்து வாசித்தார். "இவ்விடத்திற் பிறந்து வளர்ந்து, எல்லையைச் சிறு வயது முதல் நேரில் அறிந்தவர்கள்."

இராசாத்தி ஆம்பிளைகளை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"இவர் என்ட மனுசன். பெரியகல்லாறு. கலியாணம் முடிச்சு வரக்குள்ள இருபத்தஞ்சு வயசு. சிறு வயசில இவர் கண்டது கடலைத்தான். அவர் அஸீமாட மாப்பிள, ஓட்டமாவடி. நடுவில நிக்கிறவர் சித்தாண்டி ஆள், எங்கட சின்னாச்சிட மருமகன்."

"எங்கட மாமா சொன்னவர் எண்டுதானே சொன்னனான்!" என்றார் வல்லிபுரம்.

"உங்கட மாமா ஆர்? எங்கட அப்பா. அவரும் கொக்கட்டிச்சோலையால வந்தவர்தானே. உசனார் நானாட மாமாவும் ஏறாவூரால வந்தவர்."

நிலஅளவையாளர் படிவத்தையும் ஆம்பிளைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இங்கே பிறந்த ஆண்கள்?"

"இருக்கினம். எனக்கு மூணு தம்பிமார். ஒருத்தன் பெரியகல்லாறு, ஒருத்தன் கல்குடா, ஒருத்தன் கனடா. அவனவன் பொஞ்சாதி ஊரில எல்லைக்குச் சாட்சி சொல்லிக்கிட்டு இருப்பானுகள்."

ஹேசல் சிரிப்பை அடக்க முடியாமல் வாவிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இருபத்திரண்டு வருசமாக நிலம் அளக்கிற அந்த மனிதர் பேனையைத் திறந்தார்.

"அப்ப இங்கே பிறந்தவர்கள் நீங்கள் இரண்டு பேர்தான். எல்லைக்கல் எங்கே இருந்தது?"

இராசாத்திக்கும் அஸீமாவுக்கும் அது நன்றாகத் தெரியும். தாய்மார் போன பிறகு உலகத்தில் அது தெரிந்தவர்களே அவர்கள் இரண்டு பேர்தான். சூறாவளி கல்லைப் புரட்டிப் போட்டபோது தாய்மார் இரண்டு பேரும் நின்று இடத்தைக் காட்ட, பதினாறு வயதில் இந்த இருவரும்தான் அலவாங்கால் கல்லை உருட்டிவந்து பழைய குழியிலேயே இறக்கினவர்கள். பிறகு பூங்கா கட்டினவர்கள் ஒருவரையும் கேட்காமல் அதற்கு மேலேயே சீமெந்து கொட்டிச் சறுக்கல் பலகையை நட்டார்கள். ஒன்றும் தெரியாத ஆம்பிளைகள் நடுவால் கீறின கோடு, உண்மையான எல்லையிலிருந்து ஒரு முழம்தான் தள்ளி இருந்தது.

"ஒரு சுத்து நடந்திட்டு வந்து சொல்றம்," என்றாள் இராசாத்தி. "உக்காந்தா எனக்கு ஞாபகம் வராது."

ஐந்தாம் சுற்று மெதுவாகப் போனது.

"உள்ளதைச் சொல்லுவமா?" என்றாள் அஸீமா.

"சொன்னா இண்டைக்குப் பின்னேரமே வேலி. சரியான இடத்தில வேலி."

"அப்ப முழுக்க உங்கட பக்கம் எண்டு நான் சொல்றன். உங்கட சபைக்குப் போகட்டும்."

"வேணாம்கா! எங்கட ஆக்கள்ற கையில குடுத்தா ஆறு மாசத்தில கலியாண மண்டபம் கட்டிப்போடுவானுகள். சமையல் கூடம் இந்தப் பாதைக்கு மேலதான் வரும். உங்கட பக்கம் எண்டு நான் சொல்றன்."

"அல்லாஹ்வே, எங்கட ஆக்களா? கடைத்தொகுதி கட்டுவாங்க புள்ள. முதல் கடைக்கு உசனார்தான் அட்வான்ஸ் குடுப்பாரு. உங்களுக்குத்தான்!"

"உங்களுக்குத்தான்கா!"

"நான் சொல்றனே, உங்கட!"

ஹேசல் கைபேசியைப் பார்ப்பதை நிறுத்தினாள். "இப்ப ரெண்டு பேரும் எப்பிடிச் சண்டை பிடிக்கிறீங்களோ, அப்பிடியே போய் அந்த மனுசனுக்கு முன்னால பிடிங்க மென்."

இருவரும் நின்றார்கள். அஸீமா முதலில் சிரித்தாள். இராசாத்தி சிரிக்கவில்லை. வாழ்க்கையில் நிலத்தைப் பற்றி அவள் பொய் சொன்னதில்லை. கண்ணம்மை பிள்ளைகளுக்கு அடித்தது இரண்டு விசயத்துக்குத்தான்: சோற்றைக் கொட்டினால், எல்லையை மாற்றிச் சொன்னால். அவள் தன் காலைப் பார்த்தாள். பிறகு நடந்தாள்.

நிலஅளவையாளர் முன்னால் நின்று இராசாத்தி கையை நீட்டிக் கண்டலடி வாசல் மதகைக் காட்டினாள். "எங்கட எல்லை அந்த மதகோட முடியுது மனே. இங்கால ஒரு பிடி மண்ணும் எங்கட இல்ல. எல்லாம் ஆசியா உம்மாட நிலம்."

வல்லிபுரத்தின் வாய் திறந்தது. உசனார் நெஞ்சை நிமிர்த்தினார். அந்த நெஞ்சு நிமிர்ந்தபடியே இருக்கையில் அஸீமா மறு பக்கம் திரும்பி நாவல் மரத்தைக் காட்டினாள். "பொய் சேர். இவக்கு மறந்து போச்சு. எங்கட எல்லை அந்த நாவலுக்கு அங்கால. இது முழுக்கக் கண்ணம்மைட நிலம். எங்கட உம்மா இதில ஒரு மட்டையும் பொறுக்கினதில்ல."

"உங்கட தான்கா!"

"போ புள்ள, எங்கட இல்ல!"

"நீ ஆர்ர பக்கம் இராசாத்தி?" என்று கத்தினார் வல்லிபுரம். அவர் காட்டின நாவல் மரத்தையே அஸீமா காட்டியதில் அவருக்கு நியாயமாகச் சந்தோசம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

நிலஅளவையாளர் நூலைப் பார்த்தார். ஆப்புகளைப் பார்த்தார். "இரண்டு பேரும் வேண்டுமென்று சண்டை பிடித்தால் நடுவால் கீறலாம்," என்றார். "இரண்டு பேரும் வேண்டாமென்று சண்டை பிடித்தால் எங்கே கீறுவதென்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை." படிவத்தில் நீண்ட நேரம் எழுதினார். எல்லை தீர்மானிக்க இயலாது, இரு தரப்புச் சாட்சிகளும் தம் உரிமையை மறுக்கின்றனர், மேலிட விசாரணை முடியும் வரை கட்டுமானம் எதுவும் செய்யலாகாது. எழுதினதைச் சத்தமாக வாசித்துக் காட்டினார். பெண்கள் இருவரும் கையெழுத்து வைத்தார்கள். பிறகு நூலைச் சுருட்டிக்கொண்டு, வெயில் ஏறுமுன் போய்விட்டார்.

"ஆறாவது சுத்து இருக்கு," என்றாள் ஹேசல்.

உதவி, எல்லைச் சண்டையில்லாத வேறொரு ஊருக்குப் போனது. வேலிக்கட்டைகளை இரண்டு சபைகளின் உழவு இயந்திரங்களும் வந்து திரும்ப ஏற்றின. எண்ணிக்கை குறைந்திருந்தது, கட்டை போன பக்கத்து வீடுகளில் கோழிக்கூடுகள் புதுசாக இருந்தன. அந்த மாதமே இரண்டு வாசலிலும் அறிவித்தல் பலகைகள் ஏறின. கண்டலடிப் பலகையில், 'இப்பூங்கா எமது சபைக்குரியதன்று. உட்செல்வோர் தம் பொறுப்பிற் செல்க' என்றிருந்தது. லெவ்வைத்துறைப் பலகையிலும் எழுத்துக்கெழுத்து அதுதான். ஒரே ஆளிடம் எழுதுவித்தால் விலை குறைவு என்று இரண்டு சபைகளும் யோசித்திருந்தன. மூன்று பெண்களும் நாள்தோறும் தம் பொறுப்பில் உட்சென்றார்கள். கிளினிக்கில் டொக்டர் இராசாத்தியின் காலைப் பார்த்து, இப்படியே நடந்து வாருங்கள் என்றார்.

வல்லிபுரம் மூன்று கிழமை முகம் கொடுத்துப் பேசவில்லை. வைகாசிச் சடங்குக்காகக் கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்த அன்று காலை, சேட்டை மாட்டிக்கொண்டு குசினி வாசலில் வந்து நின்றார்.

"அம்மனுக்கு முன்னால கற்பூரம் கொளுத்தி, மதகுதான் எல்லையெண்டு சத்தியம் பண்ணுவியா?"

இராசாத்தி பிட்டுக் குழலை இறக்கி வைத்தாள். "வாறன். நீங்க முன்னுக்கு நிண்டு, நாவல்தான் எல்லையெண்டு முதல்ல பண்ணுங்க. நான் முதல்ல பண்ணிக் கற்பூரம் அணைஞ்சு போனா நீங்க பண்ணாம விட்டுருவீங்க."

வல்லிபுரம், இன்றைக்குக் கோயிலில் சனம் கூடவாக இருக்கும் என்றார். சேட்டைக் கழற்றினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, நடந்து வருகிற வழியில், இராசாத்தி தனியாகக் கோயிலுக்குப் போனாள். கற்பூரத்தைக் கொளுத்திவிட்டுக் கண்ணை மூடி, கல் சறுக்கல் பலகைக்குக் கீழே, சீமெந்துக்கு ஒரு முழம் ஆழத்தில் இருக்கிறதென்று அம்மனிடம் மட்டும் உள்ளதைச் சொன்னாள். அம்மன் அதை இன்றுவரை இரண்டு சபையில் ஒன்றுக்கும் சொல்லவில்லை.